குழுக் கூட்டம் தவணை வசூலோடு முடிந்துவிடுகிறது. தொழில் செய்யும் பெண்களுக்குத் தனியாக ஒரு கூட்டமைப்பு தேவையா? (மண்டபம் – கீழக்கரை – தொண்டி)

உச்சிப்புளி ஓலை எழுதியது:

மண்டபம், திருப்புல்லாணி ஒன்றியங்களில் கருவாடு போடுகிறவர்கள், ஓலைப்பெட்டி முடைகிறவர்கள், குண்டு மிளகாய்ப் பொடி அரைக்கிறவர்கள், தையல் கடை, டீக்கடை வைத்திருப்பவர்கள் என்று 22 பெண்கள் சேர்ந்து ஓர் அமைப்பு தொடங்கலாம் என்று பேச்சு நடக்கிறது. 22 பேருமே ஏற்கெனவே ஏதாவது ஒரு மகளிர் குழுவில் இருக்கிறார்கள். ஆனால் குழுக் கூட்டம் என்றால் சந்தா, தவணை, தீர்மான நோட்டில் கையெழுத்து, அவ்வளவுதான். சரக்கு எங்கே போகிறது, என்ன விலைக்குப் போகிறது என்று யாரும் யாரையும் கேட்பதில்லை.

இப்படி ஓர் அமைப்பு உண்மையிலேயே வியாபாரத்தை வளர்க்குமா, இல்லை இன்னொரு கூட்டமாகத்தான் போகுமா? முதல் மூன்று மாதம் என்ன செய்ய வேண்டும்? உடனே பதிவு செய்யச் சிலர் சொல்கிறார்கள். அதுவும் சரியா?

வெயில்மடை எழுதியது:

வளர்க்கும் தங்கச்சி, ஆனால் சேமிப்புக் குழுவையும் இதையும் ஒன்றாகக் குழப்பக்கூடாது. சேமிப்புக் குழுவில் 12 முதல் 20 பேர், ஒரே தெரு, ஒருவர் கடனுக்கு இன்னொருவர் பார்வை. கடன் திரும்பி வருவதற்கு அந்த நெருக்கம் வேண்டும். அதே நெருக்கம் விற்பனைக்கு உதவாது. ஒரே தெருவில் இருக்கிற 15 பேரும் ஒரே வியாபாரிக்குத்தான் கருவாடு போடுகிறார்கள் என்றால், ஒருவருக்குத் தெரிந்த வழிதான் 15 பேருக்கும் தெரியும். புதிய வாங்குபவர் அந்தத் தெருவுக்கு வெளியில் இருந்துதான் வர வேண்டும்.

அதனால் 22 பேர் பட்டியலை எடுத்து வைத்து, யார் இல்லை என்று பாருங்கள். வண்டி வைத்திருப்பவர் இருக்கிறாரா? ஸ்டிக்கர் அச்சடிக்கிறவர்? வரிக் கணக்குப் பார்க்கிறவர்? பரமக்குடியிலோ மதுரையிலோ கடை வைத்திருக்கும் ஒரு பெண்? இந்த நாலு பேரையும் சேர்த்தால் 22 பேருக்கும் வாசல் திறக்கும். இன்னும் நாலு கருவாட்டுக்காரர்களைச் சேர்த்தால் கூட்டம்தான் பெருகும்.

கூட்டத்தை மாதம் இரண்டு முறை, ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் போகாமல் வையுங்கள். ஆளுக்கு இரண்டு நிமிடம், அதில் இரண்டே விஷயம்: எனக்கு என்ன வேண்டும், என்னால் என்ன தர முடியும். இதில்தான் எல்லாரும் தடுக்கி விழுகிறார்கள். "எனக்கு ஆர்டர் வேணும்க்கா" என்று சொன்னால் கேட்கிறவர் மனதில் எந்த முகமும் வராது. "வாரம் 20 கிலோ நெத்திலிக் கருவாடு எடுக்கிற மளிகைக் கடை பரமக்குடியில் வேண்டும், கால் கிலோ கவரில் போட்டுத் தருவேன், பணம் 15 நாளில் வந்தால் போதும்" என்று சொன்னால், பரமக்குடியில் சின்னம்மா மகன் கடை வைத்திருப்பவளுக்கு உடனே நினைவு வரும்.

ஒரு 80 பக்க நோட்டு போடுங்கள். யார் கேட்டது, யார் கை காட்டியது, யாரிடம் போனது, பேச்சு என்ன ஆனது, எத்தனை ரூபாய்க்கு முடிந்தது. ஐந்து கட்டம் போதும். அடுத்த கூட்டத்தில் முதல் வேலை இந்த நோட்டை வாசிப்பது. மூன்று மாதம் கழித்துக் கடைசிக் கட்டம் வெறுமையாக இருந்தால் அமைப்பு வேலை செய்யவில்லை என்று அர்த்தம். ஆள் வருகை நூறு சதவீதமாக இருந்தாலும் சரி.

தொண்டித்துறை எழுதியது:

வெயில்மடை சொன்னதில் பாதியை ஏற்கிறேன். பல தொழில் கலந்தால் வாங்குபவர் கிடைப்பார். ஆனால் விலை பேசுகிற பலம் ஒரே தொழில்காரர்கள் ஒன்றாக நின்றால்தான் வரும். இந்தக் கரையில் கருவாடு போடும் பெண்களை முக்கியமாகக் கட்டிப்போடுவது வியாபாரி கொடுக்கும் முன்பணம்தான். முன்பணம் வாங்கியவர் சரக்கை அவருக்கே போட வேண்டும், விலையும் அவர் சொன்னதுதான். இதைத் தையல் கடைக்காரரும் டீக்கடைக்காரரும் சேர்ந்து உடைக்க முடியாது.

உடைப்பதற்குக் காலண்டரைப் பாருங்கள். கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. தடைக்காலத்தில் பச்சை மீன் வரத்து குறையும், கருவாட்டுக்குக் கிராக்கி ஏறும். பிப்ரவரி, மார்ச்சில் வெயிலும் நன்றாக இருக்கும், மீனும் கிடைக்கும். அப்போது சரக்குப் போட்டு மே மாதம் வரை வைத்திருக்கக் கையில் பணம் இருந்தால் லாபம் போட்டவருக்கு. இல்லையென்றால் மார்ச்சிலேயே வந்த விலைக்கு விட்டுவிட்டு, மே மாத லாபத்தை வியாபாரி எடுப்பார்.

ஆக, சரக்குக் கடன் பிப்ரவரி முதல் வாரம் கையில் இருக்க வேண்டும். வங்கிக் கடனுக்கு விண்ணப்பம் நவம்பரிலேயே போக வேண்டும். மகளிர் குழுக்களுக்கு முதல் கடன், குழுவின் மொத்த நிதியைப் போல 6 மடங்கு அல்லது ஒன்றரை லட்சம், இதில் எது அதிகமோ அது. 10 லட்சம் வரை அடமானம் கேட்கக்கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. தவறு எங்கே நடக்கிறது என்றால், பணம் வந்ததும் தலைக்கு இவ்வளவு என்று சமமாகப் பிரித்துவிடுகிறார்கள். கருவாடு போடாதவருக்கும் பங்கு போகிறது, அது வீட்டுச் செலவாகிறது, கருவாடு போடுகிறவருக்குச் சரக்கு எடுக்கப் போதவில்லை. யாருக்கு எவ்வளவு சரக்கு என்று முதலில் எழுதி, அதற்குத் தகுந்தாற்போலக் கொடுங்கள்.

மூன்றரை முதல் நாலு கிலோ பச்சை நெத்திலி காய்ந்தால் ஒரு கிலோ என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். 100 கிலோ கருவாட்டுக்கு 400 கிலோ மீன் வாங்கப் பணம் வேண்டும். ஐஸ், கூலி, வண்டி தனி.

வெயில்மடை எழுதியது:

தொண்டித்துறை சொல்வது நியாயம். அப்படியானால் ஒரே அமைப்புக்குள் தொழில்வாரியாகச் சிறு வட்டம் வைத்துக்கொள்ளலாம். கருவாட்டு வட்டம் விலை பேசட்டும், முழுக் கூட்டம் ஆள் தேடட்டும்.

பரமக்குடிப் பொதி எழுதியது:

வாங்குகிற பக்கத்தில் இருந்து சொல்கிறேன். இந்தப் பக்கத்துக் கருவாட்டில் ருசிக்குக் குறை இல்லை. கடைக்காரர் வேண்டாம் என்பது கவரைப் பார்த்துத்தான்.

மெல்லிய பாலித்தீன் கவரில் போட்டால் வாடை வெளியே வரும். அரிசிப் பக்கத்தில் வைக்க முடியாது, வைத்த அன்றே வாடிக்கையாளர் முகம் சுளிப்பார். இரண்டு மூன்று அடுக்கு ஒட்டிய கனமான கவர் வேண்டும். அடுத்தது சீல். உப்புப் போட்ட சாளையையும் வாளையையும் கவருக்குள் தள்ளும்போது வாயின் உள்பக்கத்தில் உப்புத் தூள் ஒட்டிக்கொள்ளும். அதைத் துடைக்காமல் சீலிங் மிஷினில் வைத்து அழுத்தினால், அந்த ஒரு கல் உப்பு இருக்கிற இடத்தில் மட்டும் பிளாஸ்டிக் ஒட்டாது. கண்ணுக்குத் தெரியாத ஓட்டை. பத்து நாளில் அதன் வழியாக ஈரக் காற்று போய், உப்பு நீர்த்து, கவருக்குள் கசகசவென்று ஆகிவிடும். கவர் வாயை வெளிப்பக்கமாக இரண்டு விரல் அகலம் மடித்துவிட்டு சரக்கைப் போடுங்கள், பிறகு மடிப்பை நிமிர்த்தி, உலர்ந்த துணியால் ஒரு துடை, அப்புறம் சீல். சீல் போட்ட கவரைத் தண்ணீர் வாளிக்குள் அமுக்கிப் பாருங்கள். குமிழி வந்தால் தள்ளிவையுங்கள். நூறு கவருக்கு ஐந்து கவர் இப்படிச் சோதித்தால் போதும்.

இங்கேதான் அமைப்பு கைகொடுக்கும். அச்சிட்ட கவருக்கு ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் உருளை செய்ய வேண்டும், அதனால் குறைந்த அளவு ஆர்டரை அச்சகம் எடுக்காது. தனியாள் தாங்க முடியாது. எட்டுப் பேர் சேர்ந்து ஒரே கவரை அச்சடித்து, நடுவில் ஒரு கட்டத்தை வெள்ளையாக விட்டு, அவரவர் ஸ்டிக்கரை அங்கே ஒட்டுங்கள். ஸ்டிக்கரில் தயாரித்தவர் பெயர் முகவரி, நிகர எடை, எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்ச விலை, தயாரித்த தேதி, எத்தனை நாள் வரை நல்லது என்பது, பேட்ச் எண், புகாருக்கான போன் எண், உணவுப் பாதுகாப்புப் பதிவின் 14 இலக்க எண், அசைவத்துக்கான பழுப்பு முக்கோணம் இருக்க வேண்டும்.

ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். ஒருவர் பதிவு எண்ணை எட்டுப் பேரும் போடக்கூடாது. எவர் வீட்டில் பொட்டலம் போடுகிறார்களோ அவர் எண்தான் வர வேண்டும். சிறு தொழிலுக்கான அடிப்படைப் பதிவுக்கு வருடம் 100 ரூபாய்தான் கட்டணம். அதை மிச்சம் பிடித்து எட்டுப் பேர் சரக்கையும் சிக்கலில் மாட்டாதீர்கள்.

கீழக்கரை லாத்தா எழுதியது:

கீழக்கரை தொதல், வட்டிலப்பம் என்ற இனிப்புகளைச் செய்கிறவர்களுக்கு வாங்குபவரைத் தேடும் வேலை குறைவு. சென்னையிலும் வளைகுடாவிலும் மலேசியாவிலும் நம் ஊர் ஆட்கள். ஒரு கல்யாணத்தில் சாப்பிட்டவர் நாலு பேருக்குச் சொல்வார். சொந்தபந்தமே சந்தை. இதற்கு இரண்டு பக்கம் உண்டு. நல்ல பெயர் எவ்வளவு வேகமாகப் போகிறதோ, கெட்ட பெயரும் அவ்வளவு வேகமாகப் போகும். துபாயில் ஒரு டப்பா தொதல் காறிப்போனால், செய்தது யார் என்று யாரும் பார்க்க மாட்டார்கள்; "கீழக்கரைத் தொதலே இப்போ சரியில்லை" என்றாகிவிடும். எல்லார் ஆர்டரும் சேர்ந்து விழும்.

தொதலில் தேங்காய்ப்பால் எண்ணெய் பிரிந்து வரும் வரை கிண்டுகிறோம். அந்த எண்ணெய்தான் மணம், அதேதான் கெடுதியும். இறக்கியதும் எண்ணெயை நன்றாக வடியவிட்டு, முழுக்க ஆறிய பிறகு டப்பாவில் அடைக்க வேண்டும். சூட்டோடு மூடினால் மூடியில் வியர்த்து, அந்தத் தண்ணீர் சொட்டிய இடத்தில் முதலில் பூசணம் பூக்கும். இதைச் சேர்ந்து ஒரு பக்கத்தில் எழுதி, எல்லாரும் அதன்படி செய்ய ஒப்புக்கொண்டால்தான் ஒரே பெயரில் விற்கலாம்.

டப்பாவின் அடியில் தேதியும், செய்தவருக்கு ஓர் எழுத்தும் போடுங்கள். புகார் வந்தால் அந்த ஒருவரோடு நிற்கும். அந்த வாரம் ஒவ்வொரு தடவை கிண்டிய தொதலிலும் ஒரு டப்பாவை எடுத்து ஓர் இடத்தில் வைத்து, பத்தாம் நாள், இருபதாம் நாள் திறந்து பாருங்கள். தன் வீட்டுச் சரக்கைத் தானே பார்க்கக்கூடாது. மூத்தவர்களுக்குக் கொஞ்சம் வருத்தம் வரும். ஆனாலும் செய்ய வேண்டும்.

கூட்ட நேரம் பற்றி யாரும் சொல்லவில்லையே. வெள்ளி மதியம் எங்களால் வர முடியாது, ஞாயிறு காலை மாதா கோயிலுக்குப் போகிற பெண்கள் வர மாட்டார்கள், படகு கரைக்கு வரும் காலையில் மீன் எடுப்பவர்கள் ஏலத்தில் நிற்பார்கள். செவ்வாய் அல்லது புதன் மாலை 3 மணி, பேருந்து நிறுத்தத்தில் இருந்து நடக்கிற தூரத்தில் இடம், இருட்டுவதற்குள் வீடு திரும்ப வசதி. இதைச் சரிசெய்யாமல் "அவர்கள் வருவதே இல்லை" என்று ஒரு தெருவையோ ஒரு ஜமாத்தையோ குறை சொல்வதைப் பார்க்கிறபோது மனசு கஷ்டமாக இருக்கிறது. இடம் மாறி மாறி இருக்கட்டும். ஒரு தடவை பள்ளிக்கூடம், ஒரு தடவை சமுதாயக் கூடம்.

பாம்பன் பாசி எழுதியது:

கூடி நின்றால் என்ன ஆகும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம், பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலத்தைப் பாருங்கள். மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிக் கடல்பாசி எடுக்கும் பெண்கள், அந்தப் பகுதி கடல்சார் தேசியப் பூங்காவாக ஆன பிறகு துரத்தப்பட்டுக்கொண்டே இருந்தார்கள். தனித்தனியாகப் போனால் அதிகாரிகள் பாசியையும் சாக்கையும் பிடுங்கிக்கொள்வார்கள். ஊர் ஊராகச் சேர்ந்து கூட்டமைப்பு கண்ட பிறகு, தாங்களே கட்டுப்பாடு போட்டுக்கொண்டார்கள். அமாவாசையை ஒட்டி 6 நாள், பௌர்ணமியை ஒட்டி 6 நாள், மாதம் 12 நாள்தான் பாசி எடுப்பது. இரும்புச் சுரண்டி கூடாது, கையால் மட்டும். மரிக்கொழுந்துப் பாசி மறுபடி தழைக்க அது இடம் கொடுத்தது. அதிகாரிகளோடு பேச உட்கார்ந்தபோது "நாங்களே இவ்வளவு கட்டுப்பாடு வைத்திருக்கிறோம்" என்று காட்ட ஒன்று இருந்தது. சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015-ல் தீவுகளின் சூழலைக் காக்கும் சீக்காலஜி அமைப்பின் விருது கிடைத்தது இந்த வேலைக்குத்தான்.

வளர்ப்புப் பாசிக்கு வேறு கணக்கு. 12 அடிக்கு 12 அடி மூங்கில் மிதவை, 60 கிலோ விதைப்பாசி, 45 நாள். நன்றாக வந்தால் 200 கிலோவுக்கு மேல் ஈரப்பாசி. காய்ந்தால் பத்தில் ஒரு பங்கு. ஓர் ஆளுக்கு 45 மிதவை என்று வைத்தால் தினம் ஒன்றை அறுத்து, அன்றே மறுபடி கட்டலாம். மிதவைக்கு அடியில் வலை கட்டாவிட்டால் ஒரா மீன் கடித்துத் தின்றுவிடும். கோடையில் தண்ணீர் சூடேறினால் தண்டு வெளுத்து உதிரும். 2013-ஐ ஒட்டி இந்தக் கரை முழுக்க விதைப்பாசி அழிந்து, மறுபடி கட்ட விதையே இல்லாமல் நின்றது. அதனால் அமைப்பின் வேலை விதைக் காப்பு. வடக்கே பாக் விரிகுடாப் பக்கம் ஓர் ஊர், தெற்கே மன்னார் வளைகுடாப் பக்கம் ஓர் ஊர், இரண்டு இடத்துக் குழுவும் ஒருவருக்கொருவர் விதை தருவதாக முன்பே எழுதிக்கொள்ள வேண்டும். வடக்குக் கடல் கொந்தளிக்கும்போது தெற்குக் கடல் அமைதியாக இருக்கும், காற்று மாறினால் தலைகீழ். ஒரே ஊருக்குள் பத்துக் குழு இருந்தும் இந்தப் பாதுகாப்பு கிடைக்காது.

விற்கும் இடத்தில் தகராறு ஈரப்பதத்தில் வரும். "இன்னும் காயவில்லை" என்று எடையில் கழிப்பார்கள். ஈரப்பதம் பார்க்கும் கருவி ஒன்றை ஐந்து குழு சேர்ந்து வாங்கி, ஏற்றும் முன் நம் பக்கமும் அளந்து எழுதிக்கொடுத்தால் அந்தக் கழிவு குறையும். மணலில் காயப்போட்டால் மணல் எடையைக் காட்டித் தனியாகக் கழிப்பார்கள். வலை விரித்துக் காயவையுங்கள்.

உச்சிப்புளி ஓலை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இரண்டு சந்தேகம். வாட்ஸ்ஆப்பில் விலைப் பலகை வைக்கலாமா? கடனுக்கு எடுத்துவிட்டு மூன்று மாதம் இழுத்தடிக்கும் கடைகளை என்ன செய்வது? பதிவு பற்றியும் யாராவது சொல்லுங்கள்.

தொண்டித்துறை எழுதியது:

விலைப் பலகை கட்டாயம் வேண்டும். இரண்டு குழுவாக வையுங்கள். ஒன்றில் விலை மட்டும், காலையில் ஏலம் முடிந்ததும் தொண்டி, மண்டபம், பாம்பன் மூன்று இடத்தில் இருந்தும் ஒவ்வொருவர் போட வேண்டும்: மீன், ரகம், கிலோ விலை, நேரம். வாழ்த்துப் படம், பாட்டு எல்லாம் இன்னொன்றில் போகட்டும். இல்லையென்றால் விலை எங்கே என்று தேடிக் கண்டுபிடிப்பதற்குள் சரக்கு போயிருக்கும். யாரோ உறவு என்று வியாபாரி வீட்டு ஆள் உள்ளே வந்துவிட்டால் நீங்கள் என்ன விலைக்குத் தர நினைக்கிறீர்கள் என்பது அவர் கைக்குப் போய்விடும். அதனால் வாங்கும் விலையை மட்டும் போடுங்கள். விற்கும் விலையை நேரில் பேசுங்கள்.

கணக்குப்பிள்ளை எழுதியது:

முதலில் பாக்கி. சரக்கைத் தயாரிப்பவர் உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) வைத்திருந்தால், எழுத்தில் ஒப்பந்தம் இருக்கும்போது அதிகபட்சம் 45 நாள், ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாளுக்குள் வாங்கியவர் பணம் தர வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு, மாதக் கூட்டு வட்டி. சிறு தொழில் அமைச்சகத்தின் இணையதளத்தில் புகார் செய்யலாம். உத்யம் பதிவு இலவசம், ஆதாரும் பான் எண்ணும் போதும். யாராவது கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள். ஆனால் இந்தப் பாதுகாப்பு உற்பத்திக்கும் சேவைக்கும்தான், வாங்கி விற்கும் வியாபாரத்துக்கு இல்லை. கருவாடு போடுகிறவர் பதிவில் "வியாபாரம்" என்று தேர்ந்தெடுத்துவிட்டால் இந்த உரிமை போய்விடும். நிறையப் பேர் பதிவில் இந்தப் பிழை இருக்கிறது, இன்றே எடுத்துப் பாருங்கள்.

பில் இல்லாமல் எதுவும் நிற்காது. கார்பன் வைத்த பில் புத்தகம், உத்யம் எண் ரப்பர் முத்திரை, சரக்கு எடுத்தவர் கையெழுத்து. நடைமுறையில் கடைக்காரர் மேல் வழக்குக்குப் போவதைவிட, அமைப்பில் இருக்கிற எட்டுப் பேரும் "பழைய பாக்கி தீராமல் அடுத்த லோடு இல்லை" என்று ஒன்றாகச் சொல்வது சீக்கிரம் பலிக்கும். ஒருத்தர் நிறுத்தினால் அவர் பக்கத்து வீட்டில் எடுத்துக்கொள்வார். பக்கத்து வீடும் நிறுத்தினால்தான் பேச வருவார்.

பதிவு இப்போது வேண்டாம். உற்பத்தியாளர் நிறுவனம் தொடங்கக் குறைந்தது 10 உற்பத்தியாளர்கள், 5 இயக்குநர்கள் வேண்டும், அது உங்களிடம் இருக்கிறது. ஆனால் தையல் கடைக்காரரும் டீக்கடைக்காரரும் அதில் பொருந்த மாட்டார்கள். வருடா வருடம் தணிக்கை, இரண்டு படிவம். தாமதித்தால் ஒவ்வொரு படிவத்துக்கும் நாளொன்றுக்கு 100 ரூபாய் கூடுதல் கட்டணம். விற்பனையே இல்லாத வருடத்துக்கும் அது ஓடும். இரண்டு படிவம் ஆறு மாதம் கிடந்தால் 36,000 ரூபாய். மானியம் வரும் என்று அவசரமாகத் தொடங்கி இப்படி மாட்டிய நிறுவனங்கள் மாவட்டத்துக்கு மாவட்டம் உண்டு. ஒரு வருடம் நோட்டிலும் தீர்மானத்திலும் நடத்துங்கள். கூட்டாக வாங்கும் சரக்கும் விற்கும் சரக்கும் தொடர்ந்து நடக்கிற தொழில் வட்டம் எது என்று தெரிந்த பிறகு, அந்த வட்டம் மட்டும் நிறுவனம் ஆகட்டும்.

அதுவரை கண்காட்சிக்கும் அரசு அங்காடிக்கும் மகளிர் திட்ட அலுவலகம் வழி போகலாம். ராமநாதபுரம் பூமாலை வளாகம், மதி முத்திரை (மகளிர் குழுப் பொருட்களுக்கான அரசு முத்திரை) விற்பனை எல்லாம் குழு உறுப்பினர்களுக்குத் திறந்ததுதான். கண்காட்சிக்கு 22 பேரும் போக வேண்டாம். இருவர் எல்லார் சரக்கையும் எடுத்துப் போகட்டும். திரும்பும்போது விற்ற பணத்தோடு, மறுபடி கேட்டவர்களின் போன் எண் எழுதிய தாளும் வர வேண்டும். அந்தத் தாளைப் போனவர்கள் தாங்களே வைத்துக்கொள்வதால்தான் அமைப்புகளுக்குள் பாதிச் சண்டை. அதைக் கூட்டத்தில் வைப்பது என்று முதல் நாளே தீர்மானம் எழுதிவிடுங்கள்.

உச்சிப்புளி ஓலை எழுதியது:

சரி. புதன் 3 மணிக்கு முதல் கூட்டம் வைக்கிறோம். ஐந்து கட்ட நோட்டு, உத்யம் பதிவைச் சரிபார்ப்பது, கவர் அச்சுக்கு எட்டுப் பேர் பெயர், இந்த மூன்று மட்டும். அச்சகத்திலும் வரிக் கணக்குப் பார்ப்பவரிடமும் பேசியாகிவிட்டது, இருவரும் வருகிறார்கள். எல்லார் சரக்கையும் ஒரே தராசில் போட வேண்டும் என்று கருவாட்டு வட்டம் கேட்கிறது. 30 கிலோ எலக்ட்ரானிக் தராசு பொதுவில் வாங்கலாமா?

பரமக்குடிப் பொதி எழுதியது:

வாங்குங்கள், ஆனால் எடையளவுத் துறை முத்திரை உள்ளதாக வாங்குங்கள். எலக்ட்ரானிக் தராசுக்கு வருடம் ஒரு தடவை மறுமுத்திரை வைக்க வேண்டும், சான்றிதழைத் தராசு இருக்கும் சுவரிலேயே மாட்டுங்கள். கால் கிலோ கவருக்கு 30 கிலோ தராசு சரிப்படாது. அது 5 கிராம் அல்லது 10 கிராம் படியாகத்தான் எடை காட்டும். கவர் போட ஒரு கிராம் காட்டும் சிறு தராசு தனியாக வேண்டும். கடல் காற்றில் உள்ளே உப்புப் பிடிக்கும், வேலை முடிந்ததும் துணி போட்டு மூடிவையுங்கள். தினமும் காலையில் ஒரு கிலோ படிக்கல்லை வைத்துப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.